இறக்கிய காரில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?

காரின் உயரத்தைக் குறைத்தால் முதலில் குறைவது சக்கரம் மேலேறி வருவதற்கான இடம். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போதும், வளைவில் கார் சாயும்போதும், பின்சீட்டில் மூன்று பேர் ஏறி உட்காரும்போதும் சக்கரம் பாடியை நோக்கி மேலே போக வேண்டும். சாதாரண காரில் நின்ற நிலையிலிருந்து ஏறத்தாழ 70, 80 மில்லிமீட்டர் வரை அதற்கு இடம் இருக்கும். அந்தத் தூரத்தின் கடைசியில் பம்ப் ஸ்டாப் என்ற நுரை ரப்பர் கட்டை காத்திருக்கும். ஸ்பிரிங்கை மாற்றிக் காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் 80 இருந்த இடத்தில் 50தான் மிஞ்சும். பள்ளமோ அதே பள்ளம்தான். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தேர்ந்தெடுப்பதில் உள்ள அத்தனை கேள்விகளும் இந்த மிச்சத் தூரத்தைச் சுற்றித்தான் வருகின்றன. ஆனால் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு இறங்கும்?" என்பதுதான். "எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்பவர் குறைவு.

மொன்றியல் நகரின் ஜான்-டலோன் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைத்துவிடும். 1933இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தை, ஒரு காலத்தில் லக்ரோஸ் விளையாட்டுத் திடலாக இருந்த நிலத்தில், சின்ன இத்தாலி என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கிறது. ஜான்-டலோன் தெரு வழியே மேற்கே போனால் ஈழத்தமிழர் பலர் வந்து குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் வரும். குளிர்காலத்தில் தார்ச்சாலையின் வெடிப்புகளில் இறங்கும் தண்ணீர் உறைந்து ஒன்பது விழுக்காடு அளவுக்கு விரிகிறது. பகலில் உருகி இரவில் மறுபடி உறைகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சாலை பெயர்ந்து குழிகள் வாய் திறக்கின்றன. பிரெஞ்சில் அவற்றுக்கு 'நீ-த-பூல்' என்று பெயர், அதாவது கோழிக்கூடு. வேகத்தைக் குறைக்கப் போடும் மேட்டுக்கு 'டோ-டான்', கழுதை முதுகு. இறக்கிய காரை வைத்திருப்பவர் இந்த இரண்டு சொல்லையும் மறக்க முடியாது.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாகாணச் சாலைகளின் நிலையால் வாகனத்தின் டயருக்கோ சஸ்பென்ஷனுக்கோ சேதம் ஏற்பட்டால் போக்குவரத்து அமைச்சர் பொறுப்பாக மாட்டார் என்று மாகாணச் சாலைச் சட்டமே சொல்கிறது. வளைந்த ரிம்முக்கும் ஒழுகும் ஷாக்குக்கும் பெரும்பாலும் சொந்தக்காரர்தான் பணம் கட்ட வேண்டும். ஆகவே எதைப் போடுவது என்று முன்கூட்டியே யோசிப்பது இங்கே பணத்தைக் காக்கும் காரியமும் ஆகிறது.

ஸ்பிரிங்கின் கணக்கு

ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை தேவையோ அதுவே அதன் விறைப்பு. ஜப்பானியத் தயாரிப்புகளில் இதைக் கிலோவில் எழுதுவார்கள். மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் 9.8 நியூட்டன், அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு 56 பவுண்டு. ஒரே ஸ்பிரிங்கை மூன்று கடைகள் மூன்று எண்களில் விற்பதால், ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும்.

விறைப்பைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், அசையும் சுற்றுகளின் எண்ணிக்கை. கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் கணக்கில் வருகிறது. 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால் விறைப்பு சுமார் 38 விழுக்காடு ஏறிவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்று போலவே இருக்கும். சுற்றுகள் குறைந்தாலும் விறைப்பு ஏறும். ஆறு சுற்று ஐந்தானால் 20 விழுக்காடு கூடும். பழைய ஸ்பிரிங்கை ரம்பத்தால் ஒரு சுற்று அறுத்துவிட்டால் போதும் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. எண்ணளவில் அது சரி. ஆனால் ஸ்பிரிங் சீட்டில் உட்காரும்படி வளைத்துச் செய்த கடைசிச் சுற்று போய்விடும். அறுத்த முனை சீட்டைக் குடையும். கேஸ் வெல்டிங் நெருப்பில் காய்ச்சி இறக்கினால் எஃகின் பதமே கெட்டுவிடும். இரண்டும் செய்யக்கூடாத வேலை.

இறக்கும் ஸ்பிரிங் ஏன் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சக்கரம் மேலேறும்போது ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 மில்லிமீட்டரில் வாங்கிய அடியை 60 மில்லிமீட்டரில் வாங்க வேண்டுமானால் 80ஐ 60ஆல் வகுத்து அதன் வர்க்கம், அதாவது சுமார் 1.8 மடங்கு விறைப்பு வேண்டும். 50 மில்லிமீட்டரில் வாங்க 2.6 மடங்கு. தெருவில் ஓட்டுவதற்கென்று விற்கும் ஸ்பிரிங் செட்களில் விறைப்பு பெரும்பாலும் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் ஏற்றப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் தினமும் ஓட்ட முடியாது என்று தயாரிப்பாளருக்குத் தெரியும். மீதி அடி பம்ப் ஸ்டாப்பின் தலையில் விழுகிறது. 20 மில்லிமீட்டர் இறக்கிய கார் எப்போதாவது பம்ப் ஸ்டாப்பைத் தொடும். 40 இறக்கிய கார் அதன் மேலேயே உட்கார்ந்து ஓடும். ஓட்டுபவருக்கு அது "ஸ்பிரிங் ஹார்டு" என்று தோன்றும். உண்மையில் அவர் ஸ்பிரிங்கின் மேல் ஓட்டவே இல்லை, ரப்பர் கட்டையின் மேல் ஓட்டுகிறார்.

ஸ்பிரிங்கில் எழுதிய எண் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஸ்பிரிங் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து சக்கரம் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 0.95 மில்லிமீட்டரோ 0.7 மில்லிமீட்டரோதான் அமுங்கும். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, வந்ததை ஸ்பிரிங் விறைப்போடு பெருக்கினால்தான் சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு தெரியும். கனடாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதிகம் விற்ற காராக இருந்த ஹோண்டா சிவிக்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1988 மாடல் தொடங்கி 2000 மாடல் வரை அதன் முன்பக்கத்தில் இரட்டை விஷ்போன் இருந்தது. 2001 மாடலில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வந்தது. 50 நியூட்டன் ஸ்பிரிங் ஒன்று, விகிதம் 0.95 உள்ள ஸ்ட்ரட்டில் சக்கரத்துக்கு 45 நியூட்டனைக் கொடுக்கும், விகிதம் 0.7 உள்ள விஷ்போனில் சுமார் 25தான். பழைய சிவிக் வைத்திருந்த அண்ணன் போட்ட எண்ணைப் புதிய சிவிக் வைத்திருக்கும் தம்பி அப்படியே போட்டால் முதுகு தாங்காது.

விறைப்பைச் சொல்ல இன்னும் நேர்மையான அளவு அதிர்வெண். சஸ்பென்ஷன் தாங்கும் எடைக்கு ஏற்ப ஒரு நொடியில் பாடி எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதை அது காட்டும். குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். தெருவில் ஓடும் விறுவிறுப்பான கார்களுக்கு 1.5 முதல் 2 வரை. இறக்கையின் காற்றழுத்தத்தை நம்பாத பந்தயக் கார்கள் 2, 2.5 வரை போகும். முன்சக்கரம் ஒன்றின் மேல் 365 கிலோ உட்கார்ந்திருக்கிறது, சக்கர விறைப்பு 25 நியூட்டன் என்றால் 1.3 ஹெர்ட்ஸ் வரும். ஸ்பிரிங்கை 30 விழுக்காடு ஏற்றினால் 1.5. இரண்டு மடங்காக்கினால் 1.9க்கு நெருங்கும். ஜான்-டலோனைச் சுற்றி ஓட்டும் காருக்கு 1.5, 1.6 என்ற அளவே போதும். அதற்கு மேல் போனால் சக்கரம் சாலையைத் தொட்டு ஓடாமல் குழிக்குக் குழி துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடி கிடையாது. வேகமாகப் போகலாம் என்று செய்த காரியம் காரை மெதுவாக்கிவிடும்.

இதே நகரத்தின் நோத்ர்-தாம் தீவில்தான் ஜில் வில்நெவ் பந்தயத்தடம் இருக்கிறது. 1978 முதல் ஃபார்முலா ஒன் கார்கள் ஓடும் தடம். 2005இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் அங்கே ஓடினார். ஜான்-டலோன் நிலையத்தில் ஏறினால் மெட்ரோவிலேயே போய்விடலாம். அந்தக் கார்களைப் பார்த்துவிட்டு வரும் இளைஞருக்குத் தன் காரையும் தரையோடு தரையாக வைக்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. அந்தத் தடத்தில் கோழிக்கூடு கிடையாது என்பதை மட்டும் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தின் அதிர்வெண் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி சோதித்துச் சொன்ன விதி. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் குதிரை போல முன்னும் பின்னும் ஆடாது. நல்ல ஸ்பிரிங் செட்டில் முன்னும் பின்னும் இந்தப் பொருத்தத்தோடு செய்யப்பட்டிருக்கும். ஒரு தயாரிப்பின் முன் ஸ்பிரிங்கையும் இன்னொன்றின் பின் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் போட்டால் இது குலைந்துபோகும்.

தக்காளிக் கூடையும் பின் ஸ்பிரிங்கும்

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும். வருடத்துக்கான சாஸ் காய்ச்சும் இத்தாலியக் குடும்பங்கள் புஷல் கணக்கில் வாங்கிப் போவார்கள். ஒரு புஷல் தக்காளி சுமார் 24 கிலோ. நான்கு புஷலை டிக்கியில் ஏற்றினால் 96 கிலோ. அந்த எடை பின் அச்சுக்குப் பின்னால் உட்காருவதால் முழுவதும் பின் ஸ்பிரிங் மேலேயே இறங்கும். பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 25 நியூட்டன் விறைப்பு இருந்தால் கார் சுமார் 19 மில்லிமீட்டர் தாழும். பின்சீட்டில் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்தால் இன்னும் 20 மில்லிமீட்டருக்கு மேல். ஆக 40 மில்லிமீட்டர், எந்தக் குழியிலும் விழாமல், நின்ற இடத்திலேயே போய்விட்டது.

பின்பக்கம் 70 மில்லிமீட்டர் இடம் இருந்த காரை 40 இறக்கியிருந்தால் சந்தைக்கடியில் இருக்கும் நிலத்தடி நிறுத்தத்திலிருந்து சரிவில் ஏறி வருவதற்குள் பம்ப் ஸ்டாப் முழுவதும் நசுங்கிக் கிடக்கும். சரிவு முடிந்து தெருவைத் தொடும் முகட்டில் இரண்டு அச்சுக்கும் நடுவே காரின் வயிறு இழுபடும். அதே காரை 20 இறக்கியிருந்தால் 10 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், பிறகு பம்ப் ஸ்டாப்பின் மெத்தென்ற முதல் பகுதியும் கைகொடுக்கும். தனியாக ஓட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது பாதிச் சோதனைதான். வீட்டுக் காராகவும் பயன்படும் வண்டிக்கு அந்த வீட்டின் எடையை ஏற்றித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட காருக்குப் பின்பக்கத்தில் அமுங்க அமுங்க விறைப்பு ஏறும் புரோகிரசிவ் ஸ்பிரிங் பொருந்தும். முன்பக்கத்துக்கு ஒரே விறைப்பான லீனியர் ஸ்பிரிங் இருந்தால் வளைவில் காரின் நடத்தை முன்கூட்டியே தெரியும், ஷாக்கையும் அதற்கேற்பப் பொருத்துவது எளிது.

வளைவில் சாய்வதைக் குறைப்பது மட்டுமே நோக்கமானால் ஸ்பிரிங்கைத் தொடாமலே ஆன்டி-ரோல் பாரைச் சற்றுத் தடிமனாக மாற்றலாம். உயரம் அப்படியே இருக்கும், சக்கரத்தின் பயணமும் அப்படியே இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது பார் அந்த அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும் என்பது அதன் விலை. பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வரும் காருக்கு இது பல நேரம் சிறந்த முதல் செலவு.

ஷாக்கின் வேலை

ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆட்டத்தை நிறுத்துவது ஷாக். உள்ளே எண்ணெயில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். வால்வுகளின் வழியே எண்ணெயைப் பிழிந்து, ஸ்பிரிங் சேர்த்த ஆற்றலை வெப்பமாக மாற்றும். ஸ்பிரிங் விறைத்தால் ஷாக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், ஆனால் அதே அளவுக்கு வேண்டியதில்லை. தேவை வர்க்கமூலத்தில்தான் ஏறும். ஸ்பிரிங் 30 விழுக்காடு ஏறினால் ஷாக் 14 விழுக்காடு. இரண்டு மடங்கானால் 41 விழுக்காடு. புதிய நிலையில் உள்ள கம்பெனி ஷாக் 14 விழுக்காட்டைச் சமாளித்துவிடும். அதனால்தான் 20 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்கைப் புதிய காரில் கம்பெனி ஷாக்கோடு போட்டவர்கள் திருப்தியாக ஓட்டுகிறார்கள். ஆறேழு குளிர்காலம் கண்ட ஷாக்கின் மேல் அதே ஸ்பிரிங்கைப் போட்டால் கதை வேறு. சில மாதங்களில் எண்ணெய் கசியும், கார் படகு போல ஆடும், பழி ஸ்பிரிங்கின் மேல் விழும்.

நீளமும் முக்கியம். 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கினால் கம்பெனி ஷாக்கின் பிஸ்டன் எப்போதும் அடிப்பகுதியிலேயே வேலை செய்யும். அதோடு, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் சீட்டில் தளர்ந்து ஆடும். தொங்கும் நிலையிலும் ஸ்பிரிங் கொஞ்சமாவது அமுங்கி இருக்க வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங் சீட்டைவிட்டு நகர்ந்து மறுபடி எங்கோ கோணலாக உட்காரும். ஆகவே கூடுதலாக இறக்குவதற்கு உடல் குட்டையான ஷாக் வேண்டும். பில்ஸ்டைன் தன் பி6 ஷாக்கைக் கம்பெனி உயரத்துக்கும், பி8ஐ இறக்கும் ஸ்பிரிங்குக்கும் என்று பிரித்தே விற்கிறது. பி12 என்பது பி8 ஷாக்கோடு ஐபாக் ஸ்பிரிங் சேர்ந்த செட். கோனியின் மஞ்சள் ஷாக்கில் சக்கரம் திரும்பக் கீழிறங்கும் வேகத்தைத் திருகி மாற்றலாம். ஸ்பிரிங் எதுவென்று முடிவான பிறகு அதற்கேற்பத் திருப்பிக்கொள்ள முடிவதால், ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் வேறு வேறு கம்பெனியில் வாங்குபவருக்கு இந்த வகை பாதுகாப்பானது.

குழாயின் கட்டமைப்பிலும் இரண்டு வழிகள் உண்டு. இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்குழாயைச் சுற்றி வெளிக்குழாய் இருக்கும், அழுத்தம் குறைவு, விலையும் குறைவு. வெளியே கல் பட்டு நசுங்கினாலும் பிஸ்டன் சிக்காது. ஒற்றைக் குழாய் ஷாக்கில் பெரிய பிஸ்டன், கீழே தனி அறையில் இருபது, முப்பது பார் அழுத்தத்தில் நைட்ரஜன். எண்ணெய் நுரைக்காது, சூடு சீக்கிரம் ஆறும். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் வகுத்த வழி இது. பில்ஸ்டைன் 1957இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு இதைக் கொண்டுவந்தது. அந்த நைட்ரஜன் அழுத்தம் பிஸ்டன் தண்டை வெளியே தள்ளுவதால் காரையும் சில மில்லிமீட்டர் தூக்கும். ஸ்பிரிங் பெட்டியில் 30 என்று எழுதியிருந்தும் கார் 25தான் இறங்கியது ஏன் என்று குழம்புபவர்களுக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது.

குழி நிறைந்த தெருவில் ஷாக்கின் வால்வு அமைப்பே எல்லாவற்றையும்விடப் பெரிது. வளைவிலும் பிரேக்கிலும் பாடி மெதுவாகத்தான் அசைகிறது. பிஸ்டன் நொடிக்கு 0.1 மீட்டருக்குள் நகரும். குழியின் விளிம்பில் அடிபடும்போது அதே பிஸ்டன் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாயும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் அரை மீட்டர் நீளக் குழியை 36 மில்லிநொடியில் தாண்டிவிடும். அந்தக் கண்ணிமைப்புக்குள் சக்கரம் கீழே விழுந்து எதிர் விளிம்பில் மோதி மேலே ஏறியாக வேண்டும். ஷாக் அப்போதும் இறுக்கிப் பிடித்தால் அடி ரிம்முக்கும் பாடிக்கும் போகும். மெதுவான அசைவில் பிடித்து, வேகமான அசைவில் விட்டுக்கொடுக்கும் வால்வு உள்ள ஷாக்கே இந்த நகரத்துக்கு ஏற்றது. வாங்கும் முன் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய வரைபடம் இதுதான்: வேகம் ஏற ஏற விசைக்கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு படுக்க வேண்டும். நேர்கோடாகவே ஏறிக்கொண்டு போகும் ஷாக் பந்தயத்தடத்தில் நன்றாக இருக்கும், செயின்ட்-லாரன்ட் தெருவில் பல்லைக் கிட்ட வைக்கும்.

சக்கரம் கீழிறங்கும் வேகத்தை மிக இறுக்கிவிட்டால் இன்னொரு தொல்லை வரும். அடுத்தடுத்து நான்கைந்து குழிகள் வந்தால், ஒன்றிலிருந்து சக்கரம் முழுதாகக் கீழே வருவதற்குள் அடுத்த அடி விழும். ஒவ்வொரு அடியிலும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும். ஷாக்கை ஆக இறுக்கமாகத் திருகி வைத்துவிட்டு "கார் இறுக்கமாக இருக்கிறது" என்று மகிழ்பவர் பலர். இரண்டு படி தளர்த்தினால் அதே கார் இன்னும் நன்றாகச் சாலையைப் பிடிக்கும்.

சில கார்களில் ஷாக்கைக் கணினியே இயக்கும். 2017 மாடலில் தொடங்கிய சிவிக் எஸ்ஐ தலைமுறையில் அப்படிப்பட்ட ஷாக்தான் வந்தது. அதைக் கழற்றிச் சாதாரண ஷாக்கைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அடக்கத் தனிக்கருவி வாங்க வேண்டும். அந்தக் கார்களுக்கு அதே ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் 15, 20 மில்லிமீட்டர் அளவில் இறக்குவதே புத்தி.

காயில்ஓவரும் உப்பும்

ஷாக்கின் உடலில் மரை வெட்டி, ஸ்பிரிங் சீட்டைத் திருகி ஏற்றி இறக்கும்படி செய்ததே காயில்ஓவர். உயரத்தை விரும்பியபடி வைக்கலாம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே இடத்தில் பொருத்தம் பார்த்துச் செய்யப்பட்டவை. நல்ல கம்பெனியின் காயில்ஓவர் தெருவுக்கும் அருமையானது. மலிவானவற்றில் ஸ்பிரிங் விறைப்பு மிகையாகவும் வால்வு சுமாராகவும் இருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக வாங்குவது எத்தனையோ மேல்.

மொன்றியலில் காயில்ஓவரின் பெரிய எதிரி தெருவில் கொட்டும் உப்பு. எஃகு மரையும் அலுமினிய வளையமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். இரண்டு குளிர்காலம் தாண்டிய பிறகு வளையத்தைத் திருக ஸ்பேனரை வைத்தால் பல்தான் உடையும், வளையம் அசையாது. உயரத்தை மாற்ற வாங்கிய பொருள் ஒரே உயரத்தில் உறைந்து போகும். கேடபிள்யூ போன்ற கம்பெனிகள் துருப்பிடிக்காத எஃகில் உடலைச் செய்வது இதற்காகத்தான். மற்றவற்றுக்கு இலையுதிர் காலத்தில் மரையைக் கம்பி பிரஷால் துடைத்து, கிரீஸ் தடவி, உறை மாட்ட வேண்டும்.

சாதாரண ஸ்பிரிங்குக்கும் உப்பு விரோதிதான். கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துரு குழி பறிக்கும். அந்த ஊசிமுனைக் குழியிலிருந்து வெடிப்பு ஓடி, பெரும்பாலும் அடிச்சுற்று ஒரு நாள் உடையும். குளிர்கால டயரை மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போது அடிச்சுற்றை டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம் என்பதால், வருடத்துக்கு இரண்டு முறை இந்த வாய்ப்பு தானாகவே வருகிறது. பனிக்காலத்துக்கு மட்டும் காயில்ஓவரை ஏற்றி வைப்பவர்களும் உண்டு. பனி வாரும் வண்டி தெருவோரம் ஒதுக்கிய மேட்டைத் தாண்ட அது உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் பார்க்கும் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோணங்கள்

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள காரை இறக்கும்போது கீழ்க்கையின் சக்கரப்பக்க முனை மேலேறிவிடும். சாதாரணமாக வெளிப்புறம் சற்றுச் சரிந்திருக்கும் கை கிடைமட்டத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்தால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நீளும். இறக்கிய பிறகும் வளைவில் கார் முன்னைவிட அதிகம் சாய முயல்வது இதனால்தான். அதை அடக்க மேலும் விறைப்பான ஸ்பிரிங், பிறகு இன்னும் கடினமான பயணம் என்று சங்கிலி நீளும். 25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. அதற்கு மேல் போகிறவர் கையின் கோணத்தை மீட்கும் நீண்ட பால் ஜாயின்ட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கேம்பர் கொஞ்சம் கூடும். வளைவுக்கு அது நல்லதே. டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்தபடியோ விலகியபடியோ ஓடினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரம் வழித்துவிட்டது போல ஆகிவிடும். உயரம் மாறிய அன்றே அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். ஹெட்லைட்டின் வெளிச்சமும், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார்களில் அதன் பார்வையும் மாறியிருக்கும். அவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமானது. வாகனத்தின் நிலைத்தன்மையையோ பிரேக் திறனையோ குறைக்கக்கூடிய மாற்றத்தை எஸ்ஏஏகியூ என்ற மாகாண வாகன அமைப்பின் முன் ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடாது என்று கியூபெக் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் 214ஆம் பிரிவு கூறுகிறது. அறுத்த ஸ்பிரிங்கும், சீட்டில் ஆடும் ஸ்பிரிங்கும் பரிசோதனையில் சிக்கலைக் கொண்டுவரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் இடம் இன்னும் குறுகல். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

மாட்டிய பிறகு

புதிய ஸ்பிரிங்கை மாட்டும்போது பழைய ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை நான்கையும் புதிதாகப் போடுவது கூலியை மிச்சப்படுத்தும். ஸ்பிரிங் கம்பெனி பம்ப் ஸ்டாப்பை இத்தனை மில்லிமீட்டர் வெட்டச் சொல்லியிருந்தால் அதன்படி வெட்ட வேண்டும். கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்கக்கூடாது. கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கேறியபடியே ஓடி, சீக்கிரம் கிழியும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் குறித்து வைக்க வேண்டும். ஸ்பிரிங் புதிதில் சில மில்லிமீட்டர் மேலும் அமரும். எனவே சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அளந்து, போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, அலைன்மென்ட்டையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

மிச்சத் தூரத்தை அளக்க மலிவான வழி ஒன்று மெக்கானிக்குகளிடம் உண்டு. தூசி உறையை உயர்த்தி, ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உடலைத் தொடும்படி தள்ளி வைப்பார்கள். காரை வழக்கமான பாதையில், வழக்கமான எடையோடு ஓட்டி வர வேண்டும். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரத்துக்கு டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்பின் அடிவிளிம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சரியாக அமைந்திருக்கின்றன. டை ரப்பருக்குள் புதைந்திருந்தால் உயரத்தை 10 மில்லிமீட்டர் ஏற்றலாம், இல்லை விறைப்பை ஒரு படி கூட்டலாம். அதன் பிறகு டையை மறுபடி கீழே தள்ளிவிட்டு, சனிக்கிழமை காலை பின்சீட்டில் ஆளோடும் டிக்கியில் நான்கு புஷல் தக்காளியோடும் அதே தெருவில் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்.